காற்றை அமுக்கிக் கனல் கண்டவர்

கண்டி மாநகரின் எரிபொருள் நிலையம் ஒன்றின் முன் சிறிது நேரம் நின்றால் டீசல் என்னும் சொல் பன்முறை செவியில் விழும். லொறிச் சாரதி அதனைக் கேட்கிறார். குழாய் பிடித்து நிற்பவர் அதனை ஊற்றுகிறார். விலை ஏறும் நாளில் ஊரெல்லாம் அதனையே பேசுகிறது. அஃது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தோர் அவருள் மிகச் சிலரே. ருடோல்ப் டீசல் என்பார் ஓர் இயந்திரத்தை ஆக்கினார். ஆக்கியோன் பெயர் ஆக்கப்பட்ட பொருளுக்கு ஆயிற்று. இதனை இலக்கண நூலார் கருத்தாவாகுபெயர் என்பர். பின்னர் அவ்வியந்திரத்தின் பெயர் அதிலே எரியும் எண்ணெய்க்கு ஆயிற்று. எனவே இஃது இருமடியாகுபெயர். புளி முளைத்தது என்னும் பழைய உதாரணத்தோடு இதனையும் சேர்த்துச் சொல்லுவது வகுப்பிலே எனக்கு வழக்கம். மாணவர் சிரிப்பர், ஆனால் மறப்பதில்லை.

புலவர் வரலாறும் அரசர் வரலாறும் எழுதப்படும் இப்பக்கத்திலே இயந்திரம் செய்தவர் ஒருவரின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். மலைநாட்டிலே வாழும் நமக்கு அவ்வினா பொருந்தாது. நாம் உண்ணும் கோவாவும் கரட்டும், நாம் பறித்து அனுப்பும் கொழுந்தும், நம் பிள்ளைகள் பள்ளி செல்லும் பேருந்தும் அம்மனிதரின் எண்ணத்திலே பிறந்த இயந்திரத்தாலேயே மலை ஏறி இறங்குகின்றன.

ருடோல்ப் டீசல் 1858 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள் பாரிஸ் நகரிலே பிறந்தார். தந்தையார் தியோடோர், தாயார் எலிஸ். இருவரும் பிரான்சிலே குடியேறிய ஜேர்மானியர். தந்தை புத்தகம் கட்டுபவர். தோற்பொருள்களும் செய்து விற்றார். செல்வக் குடும்பமன்று. பட்டறையிலே செய்த பொருள்களைச் சிறு தள்ளுவண்டியில் ஏற்றிச் சென்று வாங்கினவர் வீடுகளிலே சேர்ப்பது சிறுவன் ருடோல்பின் வேலை. சுமையைத் தன் கையாலே தள்ளி வீதி வீதியாகச் சென்ற அப்பிள்ளை, ஓய்வு கிடைத்த நேரங்களிலே அந்நகரத்தின் தொழில்நுட்ப நூதனசாலைக்குச் செல்வான். ஆங்கே கூனோ என்னும் படைத்துறைப் பொறியியலாளர் பீரங்கிகளை இழுத்தற்காக 1770 ஆம் ஆண்டளவில் ஆக்கிய நீராவி வண்டி வைக்கப்பட்டிருந்தது. மூன்று சில்லும் முன்னே பெரிய கொதிகலனும் கொண்ட அவ்வண்டியை இன்றைய லொறியின் பாட்டன் என்று சொல்லலாம்.

1870 ஆம் ஆண்டிலே பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டது. பாரிசிலிருந்த ஜேர்மானியர் வெளியேற வேண்டியவராயினர். டீசல் குடும்பம் இலண்டன் சென்றது. ஆங்கும் வறுமை. பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தந்தையின் ஊராகிய ஒக்ஸ்பேர்க்கிலே இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பினர். அவ்வீட்டுத் தலைவர் கணித ஆசிரியர். ஓர் ஆசிரியர் வீட்டிலே கிடைத்த இடமும் உணவும் உலகத்தின் போக்கை எவ்வளவு மாற்றின என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. நானும் அத்தொழிலைச் சேர்ந்தவன் அல்லனோ! பதினான்கு வயதிலேயே தாம் பொறியியலாளராகப் போவதாகப் பெற்றோர்க்கு எழுதிவிட்டார். 1875 இல் உதவிப்பணம் பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் வான் லிண்டே. குளிரூட்டும் இயந்திரங்களை ஆக்கிப் புகழ் பெற்றவர். நீராவி இயந்திரம் தனக்கு இட்ட நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது, எஞ்சிய ஒன்பது பங்கும் புகைபோக்கி வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வீணாகிறது என்பதை அவர் வகுப்பிலே விளக்கினார். மற்றை மாணவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். டீசல் எழுதிக்கொண்டதோடு, வெப்பத்தை இவ்வாறு வீணாக்காத இயந்திரம் ஒன்றை நடைமுறையிலே ஆக்க இயலுமா என்பதை ஆராய வேண்டும் என்று ஓரத்திலே தமக்குத் தாமே ஒரு கட்டளையும் எழுதி வைத்தார். இஃது 1878 ஆம் ஆண்டு. அந்த ஓரக் குறிப்பு நிறைவேறப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

இங்கே சொல்லாராய்ச்சி ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. இலங்கைப் பாடநூல்களிலே வலு என்று ஒரு கலைச்சொல் உண்டு. வினைத்திறன் என்று மற்றொன்று உண்டு. ஓர் இயந்திரம் ஒரு விநாடியிலே எவ்வளவு வேலை செய்கிறது என்பது வலு. அதற்கு இட்ட எரிபொருளின் வெப்பத்தில் எத்தனை பங்கு வேலையாகிறது என்பது வினைத்திறன். தமிழ்நாட்டார் நாம் வலு என்பதனைத் திறன் என்பர். அதனால் அவ்விடத்து நூல்களைப் படிக்கும் நம் மாணவர் சில வேளை மயங்குவர். மயக்கம் சொல்லோடு நில்லாது பொருளிலும் புகுந்துவிடுகிறது. வலு வேண்டுமென்றால் எண்ணெயைக் கூட்டு என்பது சாதாரண மனிதரின் எண்ணம். வினைத்திறனைக் கூட்டு, வலு தானே வரும் என்பது டீசலின் எண்ணம். அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல் நின்றது.

காற்றை விரைவாக அமுக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறியாத பிள்ளை இல்லை. தென்கிழக்காசிய மக்கள் இவ்வுண்மையைக் கொண்டே நெடுங்காலம் நெருப்பு மூட்டி வந்தனர். ஒரு முனை அடைத்த சிறு குழல். அதனுள்ளே இறுகப் பொருந்தும் கோல். கோலின் நுனியிலே சிறிது பஞ்சு. கோலை ஓங்கி ஓர் அடி அடித்தால் குழலினுள் அடைபட்ட காற்றுச் சூடேறிப் பஞ்சு பற்றிக்கொள்ளும். இக்கருவியை லிண்டே தம் மாணவர்க்குக் காட்டினார் என்றும், டீசலின் எண்ணம் அப்பொறியிலேயே பற்றியது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் தத்துவம் அதுவே. உருளையும் அதனுள் ஓடும் முசலமும் உரலும் உலக்கையும் போல்வன. முசலம் என்னும் வடசொல்லின் பொருளும் உலக்கையே. இவ்வுலக்கை குற்றுவது நெல்லையன்று, காற்றை.

1879 இல் நச்சுக்காய்ச்சல் வந்தமையால் பரீட்சை தவறியது. இடைக்காலத்தைச் சுவிற்சர்லாந்திலே சுல்சர் தொழிற்சாலையிற் கழித்தார். 1880 தொடக்கத்திலே கல்லூரியின் மிக உயர்ந்த சித்தியுடன் தேறினார். லிண்டேயின் நிறுவனத்திலே பனிக்கட்டி செய்யும் தொழில் கிடைத்தது, மீண்டும் பாரிஸ். 1883 இல் மார்த்தா என்னும் மங்கையை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர். பகலிலே பனிக்கட்டி, இரவிலே கனல் இயந்திரம். முதலில் நீராவிக்குப் பதிலாக அமோனியா ஆவியால் இயங்கும் இயந்திரம் ஒன்றை முயன்றார். அது வெடித்து அவரை வைத்தியசாலையிலே பல மாதம் கிடத்தியது. 1890 இல் பேர்லினுக்கு மாறினார். அமோனியாவை விட்டுச் சுத்தமான காற்றையே அமுக்குவது என்று துணிந்தார். 1893 ஆம் ஆண்டு பெப்ரவரி 23 ஆம் நாள் ஜேர்மன் அரசு அவருக்கு உரிமைப் பத்திரம் வழங்கியது. தம் கொள்கையை விளக்கும் நூலையும் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். அதற்கு அடுத்த மாதம் கோயம்புத்தூருக்கு அண்மையில் ஒரு சிற்றூரிலே கோ. து. நாயுடு பிறந்தார் என்பதை இங்கே சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித் தொழில் கற்று, 1920 இல் ஒரே பேருந்தோடு தொடங்கிப் பெரும் போக்குவரத்து நிறுவனம் கண்ட அத்தமிழர் 1974 இல் மறைந்தார். அவர் வரலாறு தனியே எழுதற்குரியது.

ஒக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்றிக் வான் புட்ஸ் என்பவர் முதலிலே தயங்கிப் பின் இசைந்தார். குறுப் என்னும் பெரு நிறுவனமும் பணம் தந்தது. 1893 ஓகஸ்ட் 10 ஆம் நாள் முதற் சோதனை. வெளியிலிருந்து பட்டியாலே சுழற்றப்பட்ட இயந்திரத்தினுள் எரிபொருளைச் செலுத்தியதும் பேரோசை எழுந்தது; அமுக்கம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகே நின்றவர் உயிர் பிழைத்தது நல்லூழ். டீசலோ மகிழ்ந்தார்! தீப்பொறியும் இல்லை, திரியும் இல்லை. அமுக்கிய காற்றின் வெம்மையாலேயே எரிபொருள் பற்றிக்கொண்டது. கொள்கை மெய்யாயிற்று. ஆனால் அவ்வியந்திரம் ஒரு சுற்றுக்கூடத் தன் வலுவாலே ஓடவில்லை.

ஆறு மாதம் கழித்து, 1894 பெப்ரவரி 17 ஆம் நாள், திருத்திய இயந்திரம் ஏறத்தாழ ஒரு நிமிடம் தானாகவே ஓடியது. அதுவரை இயந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்த பட்டியை இப்போது இயந்திரம் இழுப்பதை முதலிற் கண்டவர் அங்கே வேலை செய்த ஒரு தொழிலாளி என்றும், அவர் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றி வணங்கினார் என்றும் கூறுவர். அந்த ஒரு நிமிடத்துக்கும் வெற்றிக்கும் இடையே இன்னும் மூன்றாண்டு. காற்றுக் கசிவு ஒரு நாள். வால்வு ஒட்டாமை ஒரு நாள். எரிபொருள் தூவலாகாமல் துளியாக விழுந்து கரும்புகை எழுவது ஒரு நாள். எண்ணெய் மிகுந்தால் வலு மிகும் என்று உதவியாளர் சிலர் எண்ணுந்தோறும் புகைதான் மிகுந்தது. எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லாதவிடத்து எரிபொருள் வெறும் அழுக்கு என்பதை அவ்வாண்டுகள் அவர்க்குக் கற்பித்தன.

1897 பெப்ரவரி 17 ஆம் நாள் மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாகச் சோதித்தார். ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரம் நின்ற அவ்வியந்திரம் நிமிடத்துக்கு 154 சுற்றுச் சுழன்று ஏறத்தாழ 18 குதிரை வலு தந்தது. இன்று ஒரு சிறு முச்சக்கர வண்டிக்குப் போதுமான வலுவைவிடச் சற்று மிகுதி, அவ்வளவே. ஆனால் வினைத்திறன் நூற்றுக்கு 26.2. நீராவி இயந்திரத்தினும் இரு மடங்குக்கு மேல். உலகத்திலே அதுவரை எந்த வெப்ப இயந்திரமும் எட்டாத எண் அது.

அவ்வியந்திரத்தை லொறியிலே ஏற்ற முடியாது. எரிபொருளை உள்ளே ஊதுவதற்கென்றே ஒரு காற்றமுக்கி வேண்டியிருந்தது; அதன் பாரம் பெரிது. 1923, 1924 ஆம் ஆண்டுகளிலேதான் பென்ஸ், மான் ஆகிய ஜேர்மன் நிறுவனங்கள் டீசல் லொறியைக் கண்டன. றொபேர்ட் பொஷ் நிறுவனம் எரிபொருளை அளந்து உயர்ந்த அமுக்கத்திலே செலுத்தும் பம்பைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது 1927 இல். அதன் பின்னரே பெட்போர்ட், லேலண்ட், டாடா என்று நம் வீதிகளிலே நாம் கண்ட பெயர்களெல்லாம் டீசலாயின. புகைவண்டிக்கும் அதே கதை. கடுகண்ணாவை ஏற்றத்திலே நீராவி எஞ்சின்கள் இழுத்த பாரத்தை இழுக்க, கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா தந்த டீசல் எஞ்சின்கள் 1954 இல் வந்தன. கடுகண்ணாவையில் 2014 இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இவ்விரண்டு காலத்தையும் அங்கே சேர்த்துக் காட்டலாம்.

இனி, இவ்வரலாற்றை நான் தேடிப் படிக்க நேர்ந்த காரணத்தைச் சொல்லுகிறேன். என்னிடம் நன்னூல் கேட்ட மாணவர் ஒருவர் பழைய லொறி ஒன்றை வைத்து நுவரெலியாப் பக்கத்திலிருந்து மரக்கறி ஏற்றிக் கண்டிக்கும் தம்புள்ளைக்கும் கொண்டு செல்கிறார். அவருக்கு அதுவே வயல், அதுவே வருமானம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்து, ஐயா, வேறு எஞ்சின் போட வங்கியிலே கடன் கேட்க வேண்டும், விண்ணப்பம் எழுதித் தாருங்கள் என்றார். வெற்று லொறியோடு றம்பொடை ஏற்றத்திலேயே முதற் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பாரத்தோடு வரும்போது சொல்ல வேண்டியதில்லை. நேரம் பிந்திச் சேரும் மரக்கறிக்கு விலை பாதி என்றார். ஒரு கராஜில் எரிபொருள் பம்பின் முத்திரையை உடைத்து, எண்ணெய் மிகுதியாகப் பாயும்படி ஆணியைத் திருகிவிட்டிருக்கின்றனர். இரண்டு நாள் வலு கூடியது போலிருந்ததாம். பின்னர்ப் பின்னே வருபவர் கண் மறைக்கும் கரும்புகை, தண்ணீர் கொதிப்பு, எண்ணெய்ச் செலவு. தம்பி, விண்ணப்பம் எழுதுவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று சொல்லிக் கட்டுகஸ்தோட்டையிலே எனக்குத் தெரிந்த முதிய பாஸ் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். இரண்டு நாள் கூட இருந்து பார்த்தேன். அவர் ஜேர்மன் நூல் எதையும் படித்தவரல்லர். செய்ததெல்லாம் டீசல் செய்ததே.

முதலிலே அவர் சாவி எதையும் கையில் எடுக்கவில்லை. மாணவரைச் சாரதி இருக்கையில் இருத்தி மிதியை அடிவரை மிதிக்கச் சொல்லி, தாம் பம்பின் நெம்பைப் பார்த்தார். மிதி அடிவரை போகிறது. நெம்போ முழுத்தூரம் போகவில்லை. கம்பி இழுபட்டு நீண்டிருந்தது. எத்தனையோ மாதமாக அந்த லொறி தன் வலுவில் ஒரு பகுதியைக் கேட்காமலே இருந்திருக்கிறது! அதனைச் சரிசெய்யச் சதம் செலவில்லை. அடுத்தது காற்று வடிகட்டி. தேயிலைத் தோட்டத்து மண்பாதைத் தூசு அதிலே களியாகப் படிந்திருந்தது. மலைநாட்டு லொறிக்குக் காற்று முன்னமே குறைவு என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்திலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சுழலி கொண்டு காற்றை அடைத்துச் செலுத்தும் முறையைச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905 இலேயே உரிமையாக்கினார். இன்றைய புது லொறிகளுக்கு அது பிறப்பிலேயே உண்டு. பழைய லொறி தானே மூச்சு வாங்க வேண்டும். அதன் மூக்கையும் அடைத்துவிட்டு எண்ணெயை மட்டும் கூட்டினால் வருவது புகையல்லாமல் வேறென்ன?

பின்னர் எண்ணெய் வடிகட்டியை மாற்றினார். அடியிலே தேங்கிய நீரை வடித்தார். தொட்டியிலிருந்து வரும் குழாயின் மூட்டுக்களிலே காற்று உறிஞ்சப்படும் இடமொன்றைக் கண்டு இறுக்கினார். சமதரையிலே தெரியாத இக்குறை ஏற்றத்திலேதான் தெரியும், ஏற்றத்திலேயே எண்ணெய் முழு அளவு வேண்டியிருப்பதால் என்றார். நொசில்களைக் கழற்றிச் சோதனைப் பம்பிலே பூட்டி அடித்துக் காட்டினார். இருநூறு வளிமண்டலங்களை அண்டிய அமுக்கத்திலே பனி போலத் தூவ வேண்டிய எண்ணெய், இரண்டிலே மிகத் தாழ்ந்த அமுக்கத்திலேயே மழைத்துளி போலச் சொட்டியது. ஒக்ஸ்பேர்க்கிலே டீசலை மூன்றாண்டு வருத்திய அதே துளி! நொசில் ஊசியை மாற்றித் தகடு வைத்து அமுக்கத்தைச் சீராக்கினார். வால்வு இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்து திருத்தினார். இடைவெளி அற்றுப்போன வால்வு முழுதும் மூடாது, மூடாத வால்வு வழியே அமுக்கிய காற்று ஒழுகிவிடும். பதினாறு பதினேழு பங்கு காற்றை ஒரு பங்காக நெருக்கி 500 பாகைக்கு மேல் வெப்பமாக்கினாலன்றோ எண்ணெய் காலத்திலே பற்றும்? தேய்ந்த பற்களால் எண்ணெய் செலுத்தும் வேளையும் பிந்தியிருந்தது. அதனைக் குறிக்கோட்டுக்குக் கொண்டுவந்தார். மிக முந்தினால் எஞ்சின் இடிக்கும், பிந்தினால் வெப்பமெல்லாம் புகைக்குழாய் வழியே போகும் என்பது அவர் சொன்ன விளக்கம். இவற்றுக்கெல்லாம் பிறகே, கராஜில் திருகிவிட்ட ஆணியைத் திருப்பி, பம்பைச் சோதனை மேசையில் அளந்து பழைய அளவுக்குக் குறைத்தார். வலு கேட்டு வந்தவரின் எண்ணெயைக் குறைக்கிறாரே என்று மாணவர் என்னைப் பார்த்தார். நானும் பாஸைப் பார்த்தேன்.

கடைசியாக லொறியை மிண்டி உயர்த்திச் சில்லுகளைக் கையாலே சுழற்றினார். பின்சில்லு ஒன்று சுழலவில்லை; பிரேக் விடாமற் பிடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் தந்த வலுவில் ஒரு பங்கை அது வழிநெடுக உண்டு வந்திருக்கிறது. டயர்களிலும் காற்றுக் குறைவு.

அமுக்கத்தையும் அளந்து பார்த்தார். நான்கு உருளைகள் நன்றாக இருந்தன. இரண்டு சற்றுத் தளர்ந்திருந்தன. வளையம் மாற்றுவது இன்னும் ஓராண்டு பொறுக்கலாம், ஆனால் அதற்குப் பணம் சேர்த்து வையுங்கள் என்று மாணவரிடம் ஒளியாமற் சொன்னார். மலிவான வழிகளுக்கு எல்லை உண்டு. தேய்ந்த உருளையை வடிகட்டி காப்பாற்றாது. அடுத்த கிழமை அந்த லொறி பாரத்தோடு றம்பொடையை இரண்டாம் கியரில் ஏறியது. புகை கண்ணுக்குத் தோன்றவில்லை. செலவு, கடனாகக் கேட்க எண்ணிய தொகையின் முதல் மாத வட்டியளவுதான் என்றார் மாணவர். நான் விண்ணப்பம் எழுதவில்லை.

டீசலுக்கு வருவோம். தம் இயந்திரம் யாருக்கு உதவ வேண்டும் என்று அவர் எண்ணினார் என்பது பலர் அறியாதது. நீராவி இயந்திரம் மிகப் பெரிது, விலை மிகுந்தது; முதலாளிகளாலேயே வாங்க முடிந்தது. சிறு தச்சரும் நெசவாளரும் புத்தகம் கட்டுபவரும் அதனாலே அழிந்தனர். அவர்களும் வாங்கத்தக்க சிறிய, சிக்கனமான இயந்திரம் ஒன்று இருந்தால் தம் பட்டறையிலேயே மானத்தோடு வாழலாம் என்று அவர் கருதினார். தள்ளுவண்டி தள்ளிய புத்தகக்காரர் மகனுக்கு அவ்வெண்ணம் வந்தது வியப்பன்று. 1903 இல் தொழிலாளர் ஒருங்கிணைந்து தொழிலகங்களை உடைமையாக்குவது பற்றி ஒரு நூலும் எழுதினார். அதனை வாங்கிப் படிப்பார் இல்லை. 1900 இல் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியிலே அவர் முறையில் ஆக்கப்பட்ட சிறு இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயிலே ஓடியது. எண்ணெய்க் கிணறு இல்லாத நாடுகள் தம் வயலில் விளைந்த எண்ணெயாலேயே வலுப் பெறலாம் என்பதிலே பின்னாளிலும் அவர் ஆர்வம் காட்டினார். தேங்காயும் எள்ளும் விளையும் நாட்டார் அதனை எண்ணிப் பார்க்கலாம்.

செல்வம் வந்தது. அமெரிக்க உரிமையை அடோல்பஸ் புஷ் என்னும் செல்வர் 1897 இல் பத்து இலட்சம் மார்க்குக்கு வாங்கினார். மியூனிக்கிலே மாளிகை எழுந்தது. ஆனால் உடல் தளர்ந்தது. தலைவலியும் நரம்புத் தளர்ச்சியும் வாட்டின. 1898 இல் மருத்துவ விடுதியிலே தங்க நேர்ந்தது. அவசரப்பட்டு விற்ற முதல் இயந்திரங்கள் வாங்கினவர் இடத்திலே பழுதாகி நின்றன. உரிமை வழக்குகள் தொடர்ந்தன. நிலத்திலும் பங்குகளிலும் இட்ட பணம் கரைந்தது. எண்ணெய்த் துளியை வீணாக்காத மனிதர் பணத்திலே அக்கணக்கைக் கொள்ளவில்லை. 1912 இல் செலாண்டியா என்னும் டேனிஷ் கப்பல் டீசல் இயந்திரத்தாலேயே கொப்பன்ஹேகனிலிருந்து பாங்கொக் வரை கடல் கடந்து உலகை வியப்பித்தது. அப்போது அவர் கையில் உண்மையிலே ஒன்றும் இல்லை.

1913 செப்டெம்பர் 29 ஆம் நாள், இங்கிலாந்திலே இப்ஸ்விச் நகரத்து டீசல் தொழிற்சாலை ஒன்றின் தொடக்கத்துக்காக, அன்ட்வேர்ப் துறைமுகத்திலே டிறெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். நண்பர் இருவர் உடன் சென்றனர். இரவு உணவு உண்டு, மேற்றளத்திலே உலாவி, பத்து மணியளவில் விடைபெற்றுத் தம் அறைக்குச் சென்றார். காலை ஆறேகாலுக்கு எழுப்பும்படி சொல்லியிருந்தார். எழுப்பச் சென்றவர் கண்டது படுக்கப்படாத படுக்கை. தொப்பியும் மேலங்கியும் பின்தளத்துக் கம்பியருகே மடித்து வைக்கப்பட்டிருந்தன. நாட்குறிப்பிலே அன்றைய தேதிக்கு நேரே ஒரு சிலுவைக் குறி மட்டும் இருந்தது.

கொலை என்றனர் சிலர். போர் நெருங்கிய காலமாதலால் நீர்மூழ்கிக் கப்பல் இரகசியம் காக்க ஜேர்மானியரே செய்தனர் என்றும், எண்ணெய்ச் செல்வர் செய்வித்தனர் என்றும் பத்திரிகைகள் எழுதின. இவற்றுக்குச் சான்று எதுவும் இல்லை. புறப்படுமுன் அவர் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழியும்வரை திறக்க வேண்டாம் என்று கூறியிருந்தார். திறந்தபோது அதனுள் இரண்டு இலட்சம் மார்க்குப் பணமும், வங்கிக் கணக்குகள் வெறுமையாய்க் கிடந்தமையைக் காட்டும் கடதாசிகளும் இருந்தன.

பத்து நாட்களின் பின் டச்சுப் படகு ஒன்று கடலிலே மிதந்த உடலொன்றைக் கண்டது. உடல் மிகச் சிதைந்திருந்தமையால் படகினர் சட்டைப் பைகளிலிருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதனைக் கடலுக்கே விட்டனர். மருந்துச் சிமிழ், பணப்பை, சிறு கத்தி, மூக்குக்கண்ணாடிக் கூடு. ஒக்டோபர் 13 ஆம் நாள் இளைய மகன் ஒய்கன் அவற்றைப் பார்த்துத் தம் தந்தையாருடையவை என்றார்.